ஒன்பதாம் கிணற்றில் எரிந்த தீ

ஜூன் 9

வாலுவின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் கோபத்தில் கிழிக்கத்தான் முடியும், அதற்கு முன் படித்துத்தானே ஆகவேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

வீடு மூன்றாவது மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன. வாலு அதற்குள் தன் அறைக்குப் பூட்டு கேட்கிறாள். பதினாலு வயதுக்கு என்ன ரகசியமோ! நாங்கள் பெட்டிகளோடு மாடிப்படியில் முழி பிதுங்கி நின்றபோது கீழ்வீட்டு அக்கா வந்து, யார் என்ன என்றுகூடக் கேட்காமல் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாராம். மூன்றாவது மாடிக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான், "வீட்டுக்காரர் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார். "வருவார்" என்றேன்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். கப்பலில் வரும் திரவ வாயுவை இறக்கி, குழாய் போகாத தொழிற்சாலைகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் தளம் என் பொறுப்பு. நம் ஊர் வாயு ஆலையின் கண்ட்ரோல் ரூமில் காலம் தள்ளியவளுக்கு இது பெரிய வித்தையில்லை. அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்தது, இங்கே கடல்மேல் வருகிறது.

நீங்கள் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. முந்தின நாள் எல்லார் எதிரிலும், "கப்பல்காரன் கூடப் போறா" என்று சொன்னீர்கள். எரிவாயுக் கிணறுகளை மூடச் சொன்னது நானா? இனி உள்நாட்டில் தோண்ட வேண்டாம், வெளியில் வாங்குவதுதான் மலிவு என்று முடிவெடுத்தது அமைச்சர். ஆலையை மூடப்போகிறார்கள் என்றதும் வேறு வேலை தேடினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இங்கே பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. மேலாளரிடம் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். ரொம்ப நாள் நிறுத்த முடியாது. கிணறு மூடுகிற வேலை முடிந்ததும் கிளம்பி வாருங்கள்.

வாலுவின் அம்மா


ஜூலை 2

கப்பல் மகாராணிக்கு,

கிழிக்கவில்லை. படித்துவிட்டேன்.

நேற்று ஒன்பதாம் கிணற்றை மூடினோம். நீ வாலுவை வயிற்றில் சுமந்திருந்தபோது தோண்டிய கிணறு அது. உள்ளே அழுத்தம் இன்னும் ஜம்மென்று நிற்கிறது. சிமெண்ட் இறக்கும் முன் மனசு கேட்காமல் அரசு ஆய்வாளரிடம் போனேன்.

"சார், இதுல இன்னும் பத்து வருஷத்துக்கு கேஸ் இருக்கு."

"இருக்கட்டுமே. அது எங்க ஓடிப்போகப் போகுது?"

"சிமெண்ட் போட்டு, குழாயை மண்ணுக்குக் கீழ அறுத்து மூடிட்டா, நாளைக்கு வேணும்னாலும் எடுக்க முடியாது சார். பக்கத்துல புதுசாத்தான் தோண்டணும்."

"நாளைக்கு வேணும்னா கப்பல் வரும்பா. நீ கலவையைப் பாரு."

கலவையைப் பார்த்தேன். கிணறு தோண்டும் நம் துரப்பண ஆள் கரடிதான் பம்பைப் பிடித்திருந்தான். அந்த உருவம் அழுது பார்த்திருக்கிறாயா? தாடியெல்லாம் சிமெண்ட், அதில் இரண்டு கோடு. "என்னடா?" என்றால், "தூசி" என்றான். அடுத்த வாரம் தூர்வாரும் படகு ஒன்றில் சேரப்போகிறானாம். ஆற்றுச் சேற்றை அள்ளும் வேலை.

நீ நிறுத்திவைத்த வேலையைப் பற்றி. யாருடைய சரக்கை விற்க என் கிணற்றை மூடினார்களோ, அவன் இடத்துக்கே வந்து நான் போல்ட் முடுக்க வேண்டுமா? அங்கே போனதும் என்ன பெயர் வரும்? பெண்டாட்டி சிபாரிசில் வந்தவன். வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

கிணறுகளை மூடின பிறகு கசிவு பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். அது நான்தான். வீட்டை விற்க மாட்டேன். வாலுவின் சைக்கிளைத் துடைத்து உள்ளே வைத்திருக்கிறேன் என்று சொல்.

நான்


டிசம்பர் 14

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

எங்கோ இரண்டு நாடுகள் சண்டை போட, கப்பல் வரும் கடல்வழி அடைபட்டுவிட்டது. எங்களுக்கு வரவேண்டிய இரண்டு கப்பல்கள் நடுக்கடலிலேயே திரும்பி, அதிக விலை சொன்ன நாட்டுக்குப் போய்விட்டன. ஒப்பந்தம் இருக்கிறதே என்று மேலாளர் தொண்டை வறளக் கத்தினார். அபராதத்தைக் கட்டிக்கொள்கிறோம் என்று பதில் வந்ததாம். அபராதத்தை வைத்து அடுப்பு எரியுமா?

தொட்டியில் வாயு அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அமைச்சகமே தினமும் காலையில் சொல்கிறது. கண்ணாடித் தொழிற்சாலைக்கு உலை அணையாத அளவுக்கு மட்டும் போகிறது. அந்த உலை அணைந்தால் உள்ளே உருகி நிற்கும் கண்ணாடி அப்படியே பாறையாகிவிடுமாம். அப்புறம் உலையை உடைத்துப் போட வேண்டியதுதான். கீழ்வீட்டு அக்கா தினமும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொள்கிறார். "இன்னைக்கு எங்களுக்கு லாரி உண்டுல்ல?" உண்டு என்று சொன்னால்தான் அவருக்குப் படி இறங்கக் கால் வருகிறது.

எங்கள் தளத்தின் வாசலில் கூட்டம். போன வாரம் என் சீருடையைப் பார்த்து ஒருவர் காறித் துப்பினார். வயதானவர், வீட்டைச் சூடாக்க வாயு இல்லாமல் குளிராக இருக்கும்போல. துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வாலு கையுறை போட்டுக்கொண்டு கணக்கு போடுகிறாள், எழுத்தெல்லாம் கோழி கிண்டினதுபோல இருக்கிறது.

நேற்று தொலைக்காட்சியில் அமைச்சர். அதே ஆள்தான். "நம் மண்ணின் வாயு நம் அடுப்புக்கு. இதுதான் எரிசக்திப் பாதுகாப்பு" என்கிறார். கப்பல்தான் பாதுகாப்பு என்று சொன்ன அதே வாய், அதே மேஜை, பின்னால் அதே பூச்சாடி.

கிணறுகளை மூடக்கூடாது என்று நீங்கள் சொன்னது சரி. நானும் அதை ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. சரியாக இருந்தால் சம்பளம் வராது என்றுதான் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலுவின் அம்மா


ஜனவரி 20

அம்மணிக்கு,

நான் சிரிக்கவில்லை. ஒரு நாள் மட்டும் சிரித்தேன், அதுவும் வாலு குளிரில் நடுங்குவாளே என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அமைச்சகத்திலிருந்து துணைச் செயலாளர் வந்திருந்தார். சின்ன வயசு, பளபளவென்று காலணி. எரிவாயு வயலைச் சுற்றிக் காட்டினேன். மூடிய கிணறுகளைப் பார்த்துவிட்டு, "இந்த சிமெண்டை உடைச்சு எடுத்துட முடியாதா?" என்று கேட்டார். பல்லில் அடைத்த சிமெண்டைச் சொல்வதுபோல. குழாயையே அறுத்தாயிற்று, புதிதாகத்தான் தோண்ட வேண்டும், அதற்குத் துரப்பண எந்திரம் வேண்டும், எல்லாம் சரியாக நடந்தாலும் இரண்டு வருடம் ஆகும் என்று விளக்கினேன்.

"எந்திரம் வரும். கம்பெனிகள் பயப்படுறாங்க. இன்னைக்குத் தோண்டுன்னு சொல்லி நாளைக்கு மூடுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுங்கறாங்க. அரசாங்கம் உறுதியா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். மக்களுக்கும் ஒரு நம்பிக்கை வேணும்" என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என்னை வயல் கண்காணிப்பாளராகப் போட்டுவிட்டார்கள். கரடிக்குச் சொல்லி அனுப்பினேன். படகு வேலையை அன்றைக்கே உதறிவிட்டு வந்துவிட்டான். இன்னும் நிறையப் பேர் வருகிறார்கள். டீக்கடை திறந்தாயிற்று. நம் தெருவில் மறுபடி விளக்கு எரிகிறது.

அடுத்த மாதக் கடைசியில் அமைச்சர் வந்து வயலை மறுபடி திறந்துவைக்கிறார். நீயும் வாலுவும் வரவேண்டும். வந்தால் அப்படியே இருந்துவிடலாம். வாலுவின் அறைக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

நான் கோபத்தில் சொன்னதையெல்லாம் விட்டுவிடு. வா.

நான்


மார்ச் 3

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் வரவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

திறப்பு விழாவுக்கு லீவு வாங்கிவிட்டேன். பஸ்ஸுக்கு இடமும் பிடித்தாயிற்று. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய லாரியை நிறுத்தி, "அரசுத் தேவைக்கு மாற்றம்" என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிக்காக இருக்கும் என்று நினைத்தேன். நானே குழாயை மாட்டி நிரப்பினேன். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க அந்த ஊருதானே? பழைய கேஸ் வயலுக்கு மலைப்பாதைல போறதா, ஆத்துப் பாலம் வழியா போறதா?"

"அங்க எதுக்குண்ணே? அங்க தொழிற்சாலை எதுவும் இல்லையே."

"ஒன்பதாம் நம்பர் கிணறாம். ராத்திரிக்குள்ள வந்துடணும், யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

ஆற்றுப் பாலம் வழியாகப் போகச் சொன்னேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அப்புறம் ஊருக்கு எப்படிக் கிளம்புவது? விழாவை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அமைச்சரும் நீங்களும் சேர்ந்து வால்வுச் சக்கரத்தைத் திருப்பினீர்கள். புகைபோக்கி உச்சியில் பனைமர உயரத்துக்குத் தீ எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். புது நீலச் சட்டையில் நன்றாகத்தான் இருந்தீர்கள். வாலு சோபா மேல் ஏறிக் குதித்தாள். "அம்மா, அப்பாவைப் பாரும்மா! அப்பா திறந்துட்டாரும்மா!" அவளிடம் நான் என்ன சொல்ல?

சிமெண்ட் போட்ட கிணற்றில் தீ எப்படி வந்தது? உங்கள் கிணற்றில் எரிந்தது நான் நிரப்பிய வாயு இல்லையா?

நீங்கள் தூங்கிய பிறகு யாரோ செய்த வேலை என்று எழுதினால் நம்புகிறேன்.

கண்ணாடித் தொழிற்சாலையின் உலை மறுநாள் அணைந்துவிட்டது.

வாலுவின் அம்மா


மார்ச் 11

அம்மணிக்கு,

நான் தூங்கவில்லை. குழாயை மாட்டியதே நான்தான். தார்ப்பாய்க்குப் பின்னால் லாரியை நிறுத்தி, திரவத்தை வாயுவாக்கும் பெட்டியை வைத்து, புகைபோக்கிக்கு வரும் பழைய குழாயில் இணைத்தோம். நானும் கரடியும் மட்டும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

நான் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். துணைச் செயலாளர் அப்புறம் என்னைக் காருக்குள் உட்காரவைத்துப் பேசினார். "இதுல யாரை ஏமாத்துறோம் சொல்லுங்க? மண்ணுக்குள்ள கேஸ் இருக்கா இல்லையா?" இருக்கிறது என்றேன். "அப்ப இது பொய் இல்ல. கொஞ்சம் முன்கூட்டியே காட்டுறோம், அவ்வளவுதான். இந்தத் தீயைப் பார்த்தா கம்பெனிக்காரன் எந்திரத்தோட வருவான். பார்க்கலைன்னா வர மாட்டான். உங்க ஊர் ஆளுங்க எல்லாம் திரும்பப் படகுக்குப் போகட்டுமா?"

கரடி படகுக்குத் திரும்பிப் போக முடியாது, அங்கே அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. என்னை நம்பித்தானே உதறிவிட்டு வந்தான்? டீக்கடையில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

அந்த லாரி கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகவேண்டியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்... என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. உன்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்?

இதை உன்னோடு வைத்துக்கொள். எந்திரம் வரும்வரைக்குமாவது. கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

நிரப்பிக் கொடுத்தது நீயும்தான், அதையும் மறக்காதே.

நான்


ஏப்ரல் 25

வாலுவின் அப்பாவுக்கு,

மறக்கவில்லை. நிரப்பிக் கொடுத்தவள் நான் என்பதால்தான் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். உலை பாறையாகிவிட்டது, ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பிரிவு முழுக்கப் போய்விட்டது. அழவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"நீ அந்தத் தளத்துலதானே நிக்கிறே? அன்னைக்கு எங்க லாரி எங்க போச்சு?"

"அரசுத் தேவைக்குன்னு..."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா நான் வாயைத் தொறக்க மாட்டேன். போச்சா?"

மாடிப்படியில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷி. அவர் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். விஷயம் தொழிற்சங்கத்துக்குப் போனது, பத்திரிகைக்குப் போனது. இப்போது விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

நீங்களும் பத்திரிகை பார்த்திருப்பீர்கள். அமைச்சகம் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்கிறது. வயல் கண்காணிப்பாளர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே செய்த காரியமாக இருக்கலாம் என்று கதை கட்டுகிறார்கள். அதாவது நீங்கள். காருக்குள் உட்காரவைத்துப் பேசினாரே, அவர் இப்போது உங்களைப் பார்த்ததே இல்லை என்பார்.

குழுவின் முன் நான் கண்டதைச் சொல்வேன். லாரி போனதுவரைதான் எனக்குத் தெரியும். யார் சொல்லிச் செய்தீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். அது எனக்கு எழுதியது. நீங்களாகவே வந்து சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் யாராலும் மூடி மறைக்க முடியாது. வேலை போனால் போகட்டும். இந்த மூன்றாவது மாடியில் மூன்று பேர் இருக்க இடமிருக்கிறது.

எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாலுவின் அம்மா


ஜூலை 6

அம்மணிக்கு,

விசாரணை மண்டபத்திலிருந்து நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாய். பின்னாலேயே படியிறங்கி வந்தேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாய்.

நான் சொன்னதெல்லாம் வக்கீல் சொல்லிக்கொடுத்தது. அமைச்சகமே வைத்துக்கொடுத்த வக்கீல். லாரியே வரவில்லை, குழாயில் தங்கியிருந்த மிச்ச வாயுதான் எரிந்தது, கருவிகளைச் சோதித்துப் பார்த்தோம் என்று சொன்னால் யாருக்கும் தண்டனை இல்லை, துரப்பண எந்திரமும் வரும் என்றார்கள். கரடியும் அதையேதான் சொன்னான். ஊரே வாசலில் நிற்கும்போது நான் வேறு என்ன சொல்ல?

எந்திரம் வரவில்லை. சண்டை நின்று கடல்வழி திறந்துவிட்டதாமே. போன வாரம் அமைச்சர் இருபது வருடத்துக்குக் கப்பல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அதற்கும் எரிசக்திப் பாதுகாப்பு என்றுதான் பெயர். எங்களில் கொஞ்சம் பேருக்குக் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். மூடிய கிணறுகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்கிறோம். கரடி வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க மரக்கட்டையைச் சீவுகிறான். என்னோடு பேசுவதில்லை.

உன் வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இங்கே வீடு இருக்கிறது. என் சம்பளத்தில் மூன்று பேரும் சாப்பிடலாம். மண்டபத்தில் நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே. வந்துவிடு.

நான்


ஜூலை 19

வாலுவின் அப்பாவுக்கு,

வேலை போனது உண்மை. நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தேனாம். லாரி டிரைவர் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். இரண்டு பிள்ளைகள் அவருக்கு, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கீழ்வீட்டு அக்காவும் நானும் இப்போது ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளை மடிக்கிறோம். அவர் வேகமாக மடிக்கிறார், நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

லாரி வரவில்லை என்று நீங்கள் சொன்னபோதுகூட நான் எழுந்து போகவில்லை. பயம், ஊர், கரடி, எல்லாம் எனக்கும் புரியும். அந்த ஊரில் நானும் வாழ்ந்தவள்தானே.

அதற்குப் பிறகு உங்களுக்கு வைத்துக்கொடுத்த அந்த வக்கீல் ஒன்று கேட்டார். "உங்க மனைவி வேற மாதிரி சொல்றாங்களே?" அவரே தொடர்ந்தார். "உங்களுக்கும் அவங்களுக்கும் ரொம்ப நாளாவே ஒத்துவரலையாமே? பிரிஞ்சு இருக்கீங்களாமே? அந்தக் கோவத்துல சொல்றாங்களோ?"

என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் அவரைப் பார்த்தீர்கள். "ஆமா சார்" என்றீர்கள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழுத் தலைவர் பேனாவை மூடிவைத்தார். அரசாங்கம், கப்பல், கிணறு, உலை, அத்தனையும் அந்த நிமிடமே புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகிவிட்டது. என் பேச்சை உடைக்க அவர்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள்.

அதுவரை நாம் பிரிந்திருக்கவில்லை. நீங்கள் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில், அவ்வளவுதான். வருவார் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆமாம் என்ற பிறகுதான் பிரிந்தோம். நான் வரமாட்டேன்.

வாலு மட்டும் விடுமுறைக்கு வருகிறாள். போகாதே என்று நான் சொல்லவில்லை, அப்பா வேண்டும் அவளுக்கு. சனிக்கிழமை காலை பஸ். இந்த முறை பஸ் நிலையத்துக்கு வந்து நில்லுங்கள்.

யார் சொல்வது நிஜம் என்று என்னிடம் கேட்டாள். அப்பாவிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அங்கே வந்து இறங்கியதும் கேட்பாள்.

வாலுவின் அம்மா